எதில் ஒன்று, எதில் வேறு?

மூன்றாம் வகுப்புக் குழந்தையிடம் தென்னைக்கும் பனைக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் இப்படி ஒரு விடை வரக்கூடும்: “தென்னை மரம் உயரமாக இருக்கும். பனை மரத்தில் நுங்கு கிடைக்கும்.” இரண்டு வாக்கியங்களும் உண்மை. எழுத்துப் பிழையும் இல்லையென்றால் ஒரு ‘சரி’ போட்டுவிட்டு அடுத்த ஏட்டைப் புரட்டிவிடுவோம். ஆனால் இதில் ஒப்பீடு எங்கே இருக்கிறது? பனையும் உயரமான மரம்தான். நுங்குக்கு ஈடாகத் தென்னையில் என்ன கிடைக்கும் என்பதைக் குழந்தை சொல்லவில்லை. அதற்குத் தென்னையைத் தெரியும், பனையையும் தெரியும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் இன்னும் கைவரவில்லை.

இந்தக் குறை மூன்றாம் வகுப்போடு நின்றுவிடுவதில்லை. உயர்நிலை வகுப்பில் ‘தாவர செல், விலங்கு செல் வேறுபடுத்துக’ என்ற வினாவுக்கு வரும் விடைகளைப் பாருங்கள். இரண்டு பத்திகளையும் தனித்தனியே மனப்பாடம் செய்த மாணவருக்கு நடுவில் ஒரு வரி மறந்துபோனால், அதற்குக் கீழுள்ள வரிகள் எல்லாம் ஒரு படி நழுவிவிடும். இடப்பக்கம் செல் சுவரைப் பற்றிய வரி நிற்கும். அதற்கு நேரே வலப்பக்கத்தில் நுண்குமிழ்களைப் பற்றிய வரி நிற்கும். எழுதியவருக்கு அது உறுத்தாது. ஏனெனில் அவர் ஒப்பிடவில்லை, இரண்டு பட்டியல்களை ஒப்பித்திருக்கிறார். ஒப்பித்தலுக்கும் ஒப்பிடுதலுக்கும் நடுவே ஓரெழுத்துதான் மாறுகிறது. வகுப்பறையில் அந்தத் தூரத்தைக் கடக்கப் பல ஆண்டுகள் ஆகின்றன.

ஒப்பிடும் செயலைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்ய நம் கையில் உள்ள எளிய கருவி வென்படம். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வட்டங்கள்; நடுவில் இரண்டுக்கும் பொதுவானது, இருபுறமும் தனித்தனியானது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தருக்கவியல் கற்பித்த ஜான் வென் 1880இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த முறையை விளக்கினார். அவருக்கு முன்பே, 1760களில், கணித அறிஞர் ஆய்லர் ஓர் இளவரசிக்கு எழுதிய கடிதங்களில் வட்டங்களை வரைந்து தருக்கம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். வென் பணியாற்றிய கல்லூரியின் உணவுக்கூடத்தில், அவர் நினைவாக மூன்று வட்டங்கள் கொண்ட வண்ணக் கண்ணாடிச் சன்னல் ஒன்று இருக்கிறது. நம் பாடநூல்களில் கணங்கள் என்ற பாடத்தில் வரும் இந்தப் படத்தைத் தொடக்க வகுப்பிலேயே மொழிப்பாடத்துக்கும் சூழ்நிலையியலுக்கும் பயன்படுத்த முடியும். பல பள்ளிகளில் பயன்படுத்தியும் வருகிறோம்.

ஆனால் படம் தானாக ஒப்பிட்டுத் தராது. மேலே சொன்ன குழந்தையிடம் இரண்டு வட்டங்களை வரைந்து கொடுத்தால், இடது வட்டத்தில் ‘உயரம்’ என்றும் வலது வட்டத்தில் ‘நுங்கு’ என்றும் எழுதும். நடுவில் ‘இரண்டும் மரம்’ என்று எழுதும். படம் நிரம்பிவிட்டது, சிந்தனை அசையவில்லை. வட்டத்துக்கு முன்னால் ஒரு கேள்வி வேண்டும். எதில் ஒப்பிடுகிறோம்?

தரையில் தொடங்கும் வட்டம்

ஒன்று, இரண்டாம் வகுப்புகளில் வென்படத்தைத் தாளில் தொடங்குவதைவிடத் தரையில் தொடங்குவது நல்லது. சாக்பீஸால் வரைந்த இரண்டு பெரிய வட்டங்கள் போதும். கயிறு இருந்தால் இன்னும் நல்லது. வட்டத்தை நகர்த்த முடியும், பார்வைக் குறைபாடுள்ள குழந்தையும் தடவிப் பார்த்து எல்லையை உணர முடியும். பள்ளி வளாகத்திலேயே கிடைக்கும் பொருள்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இலை, சருகு, புளியங்கொட்டை, பாட்டில் மூடி, உடைந்த வளையல், பொத்தான், பென்சில், கூழாங்கல்.

முதலில் வட்டங்கள் விலகியே இருக்கட்டும். ஒன்றுக்குச் ‘சிவப்பு’ என்றும் மற்றதற்கு ‘உருண்டை அல்லது வட்டம்’ என்றும் பெயர் வையுங்கள். குழந்தைகள் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார்கள். சிவப்புப் பென்சில் சிவப்பு வட்டத்துக்குப் போகும், வெள்ளைப் பொத்தான் மற்றதற்குப் போகும். சிக்கல் சிவப்பு நிறப் பாட்டில் மூடியில் வரும். ஒரு குழந்தை அதைச் சிவப்பில் வைக்கும். இன்னொன்று எடுத்து வட்டத்தில் வைக்கும். கொஞ்சம் சண்டை நடக்கும். அந்தச் சண்டைதான் பாடம். அதைத் தீர்த்து வைக்க அவசரப்பட வேண்டாம். “இதுக்கு ரெண்டு வீடும் சொந்தம்தானே, என்ன செய்யலாம்?” என்று மட்டும் கேளுங்கள். மூடியை இரண்டு வட்டங்களுக்கும் நடுவில், வெளியே வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். “அங்கே வைத்தால் அது எந்த வீட்டிலும் இல்லையே?” என்று யாராவது கேட்பார்கள், யாரும் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். கயிறுகளை நகர்த்தி ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி வைக்கலாம் என்பதைக் குழந்தைகளே கண்டுபிடித்துவிட்டால், நடுப்பகுதி எதற்கு என்று அதன்பின் நாம் விளக்க வேண்டியதே இல்லை.

பச்சை இலை எங்கே போகும்? அது சிவப்பும் இல்லை, வட்டமும் இல்லை. வெளியே இருக்கும். வெளியிடமும் ஓர் இடம்தான் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். அதனால் பொருந்தாத பொருளையும் ஏதாவது ஒரு வட்டத்துக்குள் திணிக்கும் பழக்கம் குழந்தைகளுக்கு வந்துவிடுகிறது. இரண்டு வட்டங்களையும் சுற்றி ஒரு பெரிய செவ்வகம் வரைந்துவிட்டால் ‘இரண்டும் இல்லை’ என்ற இடமும் படத்துக்குள் வந்துவிடும். பின்னாளில் அனைத்துக் கணம் என்று படிக்கப்போவது இந்தச் செவ்வகத்தைத்தான்.

இந்த வயதில் ஒரு பொருள் ஒரே நேரத்தில் இரண்டு தொகுதிகளில் இருக்க முடியும் என்பதை ஏற்பது எளிதல்ல. பியாஜேயும் அவருடன் பணியாற்றிய இன்ஹெல்டரும் சிறு குழந்தைகளிடம் பூக்களைக் காட்டிக் கேட்ட கேள்வி புகழ்பெற்றது. நம் ஊர்ப் பூக்களை வைத்து நாமும் கேட்டுப் பார்க்கலாம். ஏழு ரோஜா, மூன்று மல்லிகை வைத்து, “ரோஜா அதிகமா, பூ அதிகமா?” என்று கேளுங்கள். ஐந்தாறு வயதுக் குழந்தைகளில் பலர் “ரோஜா” என்பார்கள். அவர்கள் ரோஜாவை மல்லிகையோடு ஒப்பிடுகிறார்கள். ரோஜாவே பூக்கள் என்ற கூட்டத்துக்குள்ளும் இருக்கிறது என்பதை ஒருசேரப் பிடித்துக்கொள்ள இயலவில்லை. இதைத் தவறு என்று திருத்துவதில் பயனில்லை. கயிற்று வட்டங்களோடு சில வாரங்கள் புழங்கட்டும்.

ஒரே படம், இரண்டு வேலை

இங்கே ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மூடியும் பொத்தானும் வைத்து விளையாடும்போது வட்டத்துக்குள் இருப்பவை பொருள்கள். வட்டத்தின் பெயர் ஒரு பண்பு. தென்னையையும் பனையையும் ஒப்பிடும்போது இது தலைகீழாகிறது. வட்டத்தின் பெயர் ஒரு பொருள். உள்ளே இருப்பவை பண்புகள். படம் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் முதலாவது வகைப்படுத்துதல், இரண்டாவது ஒப்பிடுதல்.

முதல் விளையாட்டில் பழகிய குழந்தை இரண்டாவது படத்தைப் பார்த்ததும் நடுப்பகுதியில் என்ன எழுதும்? ‘தென்னையும் பனையும் கலந்த மரம்’ ஒன்றைத் தேடும். மரத்தின் படத்தை வரைந்து வைக்கும் குழந்தைகளும் உண்டு. குழந்தைக்குப் புரியவில்லை என்று நாம் நினைப்போம். உண்மையில் அது நாம் முன்பு கற்பித்ததைச் சரியாகவே பின்பற்றுகிறது. எனவே இரண்டையும் ஒரே வாரத்தில் நடத்த வேண்டாம். ஒப்பிடும் படத்துக்கு மாறும்போது, “இப்போ வட்டத்துக்குள்ளே மரத்தை வைக்கப் போறதில்லை, மரத்தைப் பத்தின சேதியை வைக்கப் போறோம்” என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சேதிகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி நகர்த்தினால் வேறுபாடு இன்னும் தெளிவாகும்.

தென்னையும் பனையும்: நடுப்பத்தியின் வேலை

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். உவமையைப் பற்றிப் பேசும் தொல்காப்பியம், ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடுவதற்கு நான்கு அடிப்படைகளைத் தருகிறது: வினை, பயன், மெய், உரு. என்ன செய்கிறது, எதற்குப் பயன்படுகிறது, எந்த வடிவில் இருக்கிறது, என்ன நிறத்தில் இருக்கிறது என்று எளிமையாகச் சொல்லிக்கொள்ளலாம். தண்டியலங்காரம் இவற்றைப் பண்பு, தொழில், பயன் என்று மூன்றாகச் சுருக்குகிறது. கவிதைக்குச் சொன்ன இலக்கணம்தான் இது. மூன்றாம் வகுப்புக்கும் அப்படியே பொருந்துகிறது. எதன் அடிப்படையில் என்று தீர்மானிக்காமல் ஒப்பிட முடியாது என்பதை நம் இலக்கண மரபு எப்போதோ சொல்லிவிட்டது.

ஆகவே வட்டம் வரைவதற்கு முன் கரும்பலகையில் மூன்று பத்திகள் போடுங்கள். இடப்பக்கம் ‘தென்னை’, வலப்பக்கம் ‘பனை’, நடுவில் ‘எதில்?’. முதலில் நடுப்பத்தியை மட்டும் நிரப்ப வேண்டும். குழந்தைகள் சொல்லச் சொல்ல எழுதுங்கள்: வேர், கிளை, இலை, மட்டையின் ஓரம், குடிக்கக் கிடைப்பது, தின்னக் கிடைப்பது, வீட்டுக்குப் பயன்படுவது. யாராவது “நுங்கு” என்று சொன்னால் அதை மறுக்க வேண்டாம். “நுங்கு எதுக்கு? தின்ன. அப்போ நடுவிலே என்ன எழுதலாம்?” என்று கேட்டால் ‘தின்னக் கிடைப்பது’ என்ற வரி பிறந்துவிடும். நுங்கு பனைப் பத்திக்குப் போகும். எதிரே தென்னைப் பத்தியில் ஒரு வெற்றிடம் தெரியும். அந்த வெற்றிடம்தான் குழந்தையைத் தென்னையின் பக்கம் திரும்ப வைக்கிறது.

இப்போது வரிவரியாக இருபுறமும் நிரப்பலாம். வேர்: இரண்டுக்கும் சல்லிவேர். கிளை: இரண்டுக்கும் இல்லை. இலை: தென்னைக்குச் சீப்புப் பல் போல இருபுறமும் பிரிந்த நீண்ட கீற்று, பனைக்கு விசிறி போல விரிந்த ஓலை. மட்டையின் ஓரம்: தென்னைக்கு வழவழப்பு, பனைக்கு ரம்பப் பல் போன்ற கருக்கு. பனங்காட்டில் விளையாடும் குழந்தைகள் கையிலும் காலிலும் கருக்குக் கிழித்த தழும்பைக் காட்டுவார்கள். பாடநூலில் இல்லாத இந்த வரியை அவர்கள்தான் தருவார்கள்.

இதன் பிறகு வென்படம் மிக எளிது. இருபுறமும் ஒரே விடை வந்த வரி வட்டங்களின் நடுப்பகுதிக்குப் போகும். வேறு வேறு விடை வந்த வரி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் நேருக்கு நேராகப் போய் அமரும். அட்டவணையில் சிந்திக்கிறோம், வட்டத்தில் அந்தச் சிந்தனையின் வடிவத்தைப் பார்க்கிறோம். அட்டவணை இல்லாமல் நேரே வட்டத்துக்குப் போகும்போதுதான் ‘உயரம்’ எதிரே ‘நுங்கு’ வந்து நிற்கிறது.

சில வரிகள் எளிதில் அமராது. குடிக்கக் கிடைப்பது என்ற வரியில் தென்னைக்கு இளநீர், பனைக்குப் பதநீர் என்று எழுதிவிடுவோம். தென்னந்தோப்பு உள்ள ஊரில் ஒரு குழந்தை, “தென்னையிலும் பதநீர் இறக்குவாங்க” என்று சொல்லும். அது சரிதான். அப்படியானால் பதநீர் நடுப்பகுதிக்கு நகர வேண்டும், இளநீர் மட்டும் தென்னைப் பக்கம் தங்க வேண்டும். துண்டுச் சீட்டு முறையின் பயன் இங்கே தெரியும். அழித்து எழுத வேண்டியதில்லை, நகர்த்தினால் போதும். தெரிந்ததை மாற்றிக்கொள்வது தோல்வி அல்ல என்பதை அந்தச் சீட்டு ஓசையில்லாமல் காட்டிவிடுகிறது.

இன்னும் சுவையான வரி ‘கண்’. தேங்காய்க்கும் மூன்று கண், பனங்காய்க்கும் பெரும்பாலும் மூன்று கண். குழந்தைகள் துள்ளிக்கொண்டு நடுப்பகுதியில் எழுதுவார்கள். எழுதட்டும். பிறகு ஒரு சிரட்டையையும், நுங்கு வெட்டிய காயையும் அருகருகே வையுங்கள். பனங்காயில் கண் என்பது ஒவ்வொன்றும் ஒரு நுங்கு, அதாவது ஒரு தனி விதை. தேங்காயில் விதை ஒன்றே. கண்கள் அந்த ஒரே ஓட்டின் மேலுள்ள மூன்று குழிகள். அவற்றில் மென்மையாக உள்ள ஒன்றின் வழியாகத்தான் முளை வரும். சொல் ஒன்று, பொருள் வேறு. சீட்டை நடுவிலிருந்து எடுத்து இரண்டாகப் பிரிக்க வேண்டியதுதான்.

உயர்நிலை வகுப்பு ஆசிரியர் இதே சீட்டை மறுபடி நடுவில் கொண்டுவந்து வைக்கலாம். இரண்டு மரங்களின் சூலகமும் மூன்று சூலக இலைகளால் ஆனது. பனையில் பொதுவாக மூன்றும் விதையாகின்றன. தென்னையில் ஒன்று மட்டுமே விதையாகி, மற்றவை வளராமல் நின்றுவிடுகின்றன. ஓட்டில் உள்ள மூன்று கண்கள் அந்த மூன்றின் அடையாளம். மேலோட்டமாகப் பார்த்தால் ஒற்றுமை, கூர்ந்து பார்த்தால் வேற்றுமை, இன்னும் ஆழமாகப் பார்த்தால் மறுபடி ஒற்றுமை. மூன்றாம் வகுப்பில் முதல் இரண்டு படிகள் போதும்.

தென்னையும் பனையும் எல்லா ஊருக்கும் பொருந்தா. நீலகிரியில் கேரட்டும் பீட்ரூட்டும், சென்னையில் மாநகரப் பேருந்தும் மின்சார ரயிலும், கடலோரத்தில் நண்டும் இறாலும் கைக்கு எட்டும் இணைகள். குழந்தை தொட்டு, தின்று, ஏறிப் பார்த்த பொருளாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. கரடியையும் பெங்குவினையும் ஒப்பிடச் சொன்னால் அது புத்தகத்தில் உள்ளதைத்தான் திருப்பித் தரும்.

‘உம்’, ‘மட்டும்’

வட்டத்தில் சொற்களை நிரப்பியதோடு நிறுத்திவிட்டால் மொழிப்பாடத்துக்குப் பாதிப் பயன்தான். படத்திலிருந்து வாக்கியத்துக்கு வர வேண்டும். தமிழில் இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. நடுப்பகுதியிலிருந்து எடுக்கும் எந்தச் செய்திக்கும் ‘உம்’ வரும்: “தென்னைக்கும் பனைக்கும் கிளைகள் இல்லை.” ஓரப் பகுதியில், ஒரு மரத்துக்கே உரிய செய்திக்கு ‘மட்டும்’ வரும்: “பனையின் மட்டையில் மட்டும் கருக்கு இருக்கிறது.” எதிரெதிரே நிற்கும் இரண்டு சீட்டுகளை ‘ஆனால்’ இணைக்கும்: “தென்னையின் இலை சீப்புப் போல இருக்கும், ஆனால் பனையின் இலை விசிறி போல இருக்கும்.”

நடுப்பகுதியில் விரல் வைத்தால் ‘உம்’ வாக்கியம், ஓரத்தில் வைத்தால் ‘மட்டும்’ வாக்கியம், ஓரத்திலிருந்து எதிர் ஓரத்துக்கு விரலை நகர்த்தினால் ‘ஆனால்’ வாக்கியம். எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் அரும்பு நிலையில் உள்ளவர் வாய்மொழியாகவும், மொட்டு நிலையில் உள்ளவர் ஒற்றை வாக்கியமாகவும், மலர் நிலையில் உள்ளவர் நான்கைந்து வாக்கியங்களைத் தொடர்ந்தும் எழுத இதே ஒரு படம் போதும். எதிர்பார்ப்புதான் வேறு. ‘விட’, ‘காட்டிலும்’, ‘போலவே’ போன்றவற்றை நான்கு, ஐந்தாம் வகுப்பில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். குழந்தைகள் பேச்சில் ‘அதைவிட இது பெருசு’ என்று சரளமாகச் சொல்வார்கள், எழுத்தில்தான் தயங்குவார்கள். பேச்சை அப்படியே கரும்பலகையில் எழுதிக் காட்டிவிட்டுப் பிறகு எழுத்து வழக்குக்கு மாற்றினால் அந்தத் தயக்கம் குறையும்.

‘இல்லை’ என்ற சொல்லை மட்டும் சிக்கனமாகப் பயன்படுத்தச் சொல்லுங்கள். “தென்னையில் இளநீர் உண்டு, பனையில் இளநீர் இல்லை, பனையில் நுங்கு உண்டு, தென்னையில் நுங்கு இல்லை” என்று எழுதினால் பக்கம் நிறையும், அவ்வளவுதான். இல்லை என்று சொல்லும் இடத்தில் ‘அதற்குப் பதில் என்ன இருக்கிறது?’ என்று கேட்பது நல்ல பழக்கம். வௌவாலுக்கு இறகு இல்லை என்பது போல, இல்லாமையே முக்கியமான செய்தியாகும் இடங்களும் உண்டு. அங்கும் “பிறகு எதைக்கொண்டு பறக்கிறது?” என்ற கேள்வி காத்திருக்கிறது.

எவற்றை ஒப்பிடுவது, எவற்றை வேண்டாம்

வேறுபாடு கற்பிக்க மிகவும் வேறுபட்ட இரண்டை எடுத்தால் எளிதாக இருக்கும் என்று தோன்றும். அது சரியல்ல. அமெரிக்க உளவியலாளர்கள் டெட்ரி ஜென்ட்னர், ஆர்தர் மார்க்மேன் இருவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், மிகவும் ஒத்த இணைகளுக்கே மக்கள் அதிக வேறுபாடுகளை எளிதில் சொல்கிறார்கள் என்று காட்டினார்கள். காரணம் நாம் மேலே பார்த்த நடுப்பத்திதான். இரண்டும் ஒத்திருந்தால் ஒன்றின் உறுப்புக்கு நேராக மற்றதன் உறுப்பு வந்து நிற்கும். வேறுபாடு அந்த நேர்க்கோட்டில் தெரியும். காகத்தையும் பேருந்தையும் ஒப்பிட்டால் ‘அது பறவை, இது வண்டி’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

காகத்தையும் குயிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். நிறம் கருப்பு என்று நடுவில் எழுதியதும், பெண் குயிலைப் பார்த்திருக்கிற குழந்தை “அது புள்ளி புள்ளியா இருக்குமே” என்று குறுக்கிடும். கூடு என்ற வரியில் காகம் கட்டும், குயில் கட்டாது, காகத்தின் கூட்டிலேயே முட்டையிடும் என்ற கதை வந்துவிடும். பாடவேளை போதாது.

ஒரு செயல்பாட்டை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். ‘நானும் என் நண்பனும்’ என்று இரண்டு குழந்தைகளையே வட்டத்தில் வைத்து ஒப்பிடும் பயிற்சி பல கையேடுகளில் இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் குழந்தைகள் முதலில் எழுதுவது கண்ணில் படுவதை: கருப்பு, சிவப்பு, குண்டு, ஒல்லி. அடுத்து அப்பாவின் வேலை, வீட்டுக் கூரை, தெருவின் பெயர். தெருவின் பெயரே சாதியைச் சொல்லிவிடும் ஊர்கள் நம்மிடம் நிறைய உள்ளன. சுவரில் ஒட்டிய வட்டத்தில் அது வாரக்கணக்கில் தொங்கினால் எந்தக் குழந்தைக்கு வலிக்கும் என்பது நமக்குத் தெரியும். மனிதர்களை ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் நடுப்பத்தியை ஆசிரியரே முன்கூட்டி எழுதிவிட வேண்டும்: பிடித்த விளையாட்டு, பிடித்த பாட்டு, தெரிந்த விடுகதை, ஊறுகாய் பிடிக்குமா பிடிக்காதா. அதற்கு மேல் வேண்டாம்.

வட்டம் பொருந்தாத இடங்கள்

எல்லா ஒப்பீட்டுக்கும் இதே படத்தைப் போட்டால் குழந்தைகள் படத்தை நிரப்பக் கற்பார்கள், சிந்திக்க அல்ல. உயிரெழுத்துகளைக் குறில், நெடில் என்று இரண்டு வட்டங்களில் வைக்கச் சொல்லிப் பாருங்கள். அ, இ, உ, எ, ஒ ஒருபுறம். ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ, ஔ மறுபுறம். நடுவில் ஒன்றும் இல்லை. “நடுவிலே எதையாவது போடணுமா டீச்சர்?” என்று கட்டாயம் கேட்பார்கள். போட வேண்டியதில்லை. வட்டங்களைப் பிரித்து வைத்துவிடலாம். சதுரமும் செவ்வகமும் வரும்போது நேர்மாறு. எல்லாச் சதுரங்களும் செவ்வகங்களே என்பதால் ஒரு வட்டம் இன்னொன்றின் உள்ளே முழுதாகப் போய்விடும். முன்பு கேட்ட ரோஜாவும் பூவும் இதே வடிவம்தான். வட்டங்களை எப்படி வைப்பது என்பதைக் குழந்தையே முடிவு செய்யும் நாளில் அதற்கு ஒப்பீடு புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எண்களுக்கு வட்டம் நன்றாகப் பொருந்தும். 1 முதல் 20 வரை எண் அட்டைகளை 2இன் மடங்கு, 3இன் மடங்கு என்ற வட்டங்களில் வைத்தால் நடுவில் 6, 12, 18 வந்து சேரும். 1, 5, 7, 11, 13, 17, 19 இரண்டுக்கும் வெளியே நிற்கும். நடுவில் உள்ளவை எந்த வாய்ப்பாட்டில் வருகின்றன என்று கேட்டால் நான்காம் வகுப்பிலேயே மீச்சிறு பொது மடங்கின் வாசலுக்கு வந்துவிடுவார்கள். ஆறாம் வகுப்பில் 12ஐ 2, 2, 3 என்றும் 18ஐ 2, 3, 3 என்றும் பிரித்து வட்டங்களில் இட்டால், நடுவில் ஒரு 2உம் ஒரு 3உம் அமரும். நடுவில் உள்ளவற்றின் பெருக்கல் 6, அது மீப்பெரு பொதுக் காரணி. படத்தில் உள்ள எல்லாவற்றின் பெருக்கல் 36, அது மீச்சிறு பொது மடங்கு.

பெரிய வகுப்பில் ஒப்பிட வேண்டிய செய்திகள் ஏழெட்டைத் தாண்டினால் வட்டத்தை விட்டுவிட்டு மூன்று பத்தி அட்டவணையோடு நின்றுவிடலாம். தாவர செல், விலங்கு செல் பாடத்துக்கு இதுவே ஏற்றது. நடுப்பத்தியில் செல் சுவர், பசுங்கணிகம், நுண்குமிழ், உட்கரு, மைட்டோகாண்ட்ரியா என்று எழுதிவிட்டால் வரிகள் நழுவ இடமில்லை. உட்கருவும் மைட்டோகாண்ட்ரியாவும் இரண்டிலும் உண்டு என்பதும் தானே தெரிய வரும். ‘வேறுபடுத்துக’ என்று மட்டுமே கேட்டுக் கேட்டு, ஒற்றுமையைக் கேட்கவே நாம் மறந்துவிடுகிறோம்.

நடைமுறைக் குறிப்பு ஒன்று. ஏட்டில் வரையும்போது நடுப்பகுதி மிகச் சிறியதாகி, குழந்தையின் பெரிய எழுத்து அடங்காமல் போகும். எழுத இடமில்லாததால் ‘ஒற்றுமை குறைவு’ என்று ஆகிவிடக் கூடாது. ஏட்டை அகலவாக்கில் திருப்பி, வட்டத்துக்குப் பதில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரண்டு நீள்சதுரங்கள் போட்டால் நடுவில் தாராளமாக இடம் கிடைக்கும். வண்ணம் தீட்டி லேமினேட் செய்த வென்படம் பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் அதில் எதையும் நகர்த்த முடியாது. பழைய நாள்காட்டியின் பின்பக்கம் அதைவிட மேல்.

வகுப்பில் முடித்த படத்தைச் சுவரிலேயே விட்டுவிடுங்கள். பக்கத்தில் சில வெற்றுச் சீட்டுகளையும் ஒரு குண்டூசிப் பெட்டியையும் வையுங்கள். தாத்தாவிடமோ பாட்டியிடமோ கேட்டு வந்ததை, திங்கட்கிழமை காலை ஒருவர் எழுதிக் குத்துவார்: ஆண் பனை காய்க்காது, தென்னையில் ஆண் மரம் என்று தனியாக ஒன்று இல்லை. நடுப்பத்தியில் அதற்கு என்ன பெயர் வைப்பது என்று அன்றைய வகுப்பைத் தொடங்கலாம்.